பின்சுவரில் திறக்கும் ஜன்னல் எதுவும் இல்லை

1

இந்தக் கதை குப்பை கொட்டப் போன இடத்தில் பிறந்தது. பெரிய எழுத்தாளர்களுக்கெல்லாம் கடற்கரையிலும் ரயில் பயணத்திலும் கதை பிறக்கிறதாம். எனக்கு வாய்த்தது எங்கள் கட்டடத்தின் பின்பக்கம், மூடி உடைந்த பச்சைத் தொட்டி. இன்று காலை எட்டே கால் மணிக்கு வாளியைக் கவிழ்த்துவிட்டு நிமிர்ந்தேன். முந்தாநாள் பொருத்தி முடித்த புகைக்குழாயின் வாய், பின்சுவரில் என் தலைக்கு மேலே வெயிலில் பளபளத்தது. வாளியை அங்கேயே போட்டுவிட்டு மாடியேறி வந்து எழுத உட்கார்ந்துவிட்டேன்.*

ஒரு குழாயைப் பார்த்ததற்கா இத்தனை ஓட்டம் என்று நீங்கள் கேட்கலாம். தாராளமாகக் கேளுங்கள். எல்லாவற்றுக்கும் உடனே பதில் சொல்லிவிட்டால் அப்புறம் கதை எதற்கு?

* இந்தப் பத்தியில் முதலில் ஒரு திரைச்சீலையும் இருந்தது. தேவைப்படாது என்று எடுத்துவிட்டேன்.

2

தொடக்கம் மூன்று எழுதினேன். முதலாவது இப்படிப் போனது: "ஆதியில் மனிதன் நெருப்பைக் கண்டுபிடித்தான். பிறகு லாபியைக் கண்டுபிடித்தான். இரண்டையும் ஒன்றாகச் சேர்க்க அவனுக்குப் பல்லாயிரம் ஆண்டுகள்..."

[போதும். ஆதியிலிருந்து ஆரம்பிக்கிறவன் சொல்ல வேண்டியதற்கு வந்துசேர மாட்டான். அது எனக்கும் தெரியும். தெரிந்துதான் ஆரம்பித்தேனோ என்னவோ.]

இரண்டாவதில் சங்கத் தலைவர் வந்தார். ஆறு மாடிக் கட்டடத்துக்கு ஒரு குடியிருப்போர் சங்கம், சங்கத்துக்கு ஒரு தலைவர், தலைவருக்கு ஒரு கனவு: லாபியில் கேஸ் கணப்பு. எங்கள் லாபியில் ஒரு சோபா உண்டு. வாங்கி நாலு வருஷமாகியும் அதன் பிளாஸ்டிக் உறையைப் பிரிக்கவில்லை, யாரும் உட்காரவும் கூடாது. யாருமே உட்காராத இடத்துக்குக் குளிர்காயும் ஏற்பாடு எதற்கு என்று கூட்டத்தில் ஒருவர் கேட்டார். "பக்கத்துக் கட்டடத்துக்காரன் வயிறு எரியணும்ல?" என்றார் தலைவர். வயிறு எரிவதற்குப் புகைபோக்கி வேண்டாம், இதற்கு வேண்டும் என்பது அப்போது யாருக்கும் தோன்றவில்லை. கை தூக்கி நிறைவேற்றிவிட்டார்கள்.

இந்தத் தொடக்கம் எனக்குப் பிடித்துத்தான் இருந்தது. ஆனால் இதில் சிரிப்பு வருகிறதே தவிர பயம் வரவில்லை. இது பயப்பட வேண்டிய கதை. அதனால் இதையும் மூன்றாவதையும் கிழித்துவிட்டு, குழாய்க்காரரிடமிருந்து ஆரம்பிக்கிறேன்.

3

குழாய்க்காரர் சுவரைத் தட்டிப் பார்த்தார். டொக், டொக், டப். டப் என்று கேட்ட இடத்தில் காதிலிருந்த பென்சிலை எடுத்து ஒரு பெருக்கல் குறி போட்டார். குள்ளமான மனிதர். சட்டைப் பையில் எப்போதும் சின்ன ரசமட்டம் ஒன்று இருக்கும். அதை அவர் பேச்சுவார்த்தைக்கும் பயன்படுத்துவார். தலைவர் குரலை உயர்த்தினால் ரசமட்டத்தை எடுத்து உள்ளே இருக்கிற குமிழியைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

கூட வேலை செய்பவர் அவருடைய சகலை. அக்காவைக் கட்டியவர் குழாய்க்காரர், தங்கையைக் கட்டியவர் இவர். பதினோரு வருஷமாக ஒன்றாகத் தொழில் செய்கிறார்கள். ஒருநாள் கூட ஒத்துப்போனதில்லை, ஒருநாள் கூடப் பிரிந்ததுமில்லை.

"இது ரெட்டைக் குழாய் சார்," என்று குழாய்க்காரர் தலைவருக்கு விளக்கினார். "ஒண்ணுக்குள்ள ஒண்ணு. உள்குழாயில புகை வெளிய போகும், வெளிக்குழாயில காத்து உள்ள வரும். கணப்புக்கு முன்னாடி கண்ணாடி. லாபியில ஒரு துளி புகை தங்காது."

"அப்ப எல்லாம் வெளிய போயிரும்."

"போயிரும். வெளியன்னு நாம சொல்றது யாருக்கு உள்ளேங்கிறதுதான் கேள்வி."

இந்த வரி அவர் சொன்னதுதான். நான் மெருகேற்றவில்லை.

குழாயை மொட்டை மாடி வரை ஏற்ற வேண்டுமென்றால் ஒவ்வொரு மாடியிலும் தளத்தை உடைக்க வேண்டும். தலைவர் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டார். மிச்சம் இரண்டு வழி. தெருப்பக்கச் சுவர் அல்லது பின்சுவர். இரண்டுக்கும் நேர் மேலே முதல் மாடியில் பக்கத்துக்கொரு ஜன்னல். பின்சுவர் ஜன்னல் நைட் டியூட்டி பார்க்கும் ஒரு நர்ஸுடையது. தெருப்பக்க ஜன்னல் யாரோ எழுதுகிற ஒருவருடையது. அவரை விடுங்கள், அவர் கதைக்கு முக்கியமில்லை.

குழாய்க்காரருக்கு ஒரு பழக்கம் உண்டு. வரைபடத்தை நம்ப மாட்டார். "வரைபடம் போட்டவன் இங்க குடியிருக்கானா?" என்பார். ஜன்னலுக்குச் சொந்தக்காரரை நேரில் கேட்காமல் சுவரில் துளை போட மாட்டார்.

"திறக்கிற ஜன்னல்னா குழாய் அதுலேர்ந்து நல்லாத் தள்ளியிருக்கணும். இந்த ரெண்டு இடத்துலயும் தள்ள இடமில்ல. அதனால எந்தப் பக்கம் போட்டாலும் மேல இருக்கிற ஜன்னல் திறக்கவே கூடாது. நிரந்தரமா மூடி, வெறும் கண்ணாடியா வெச்சுக்கலாம், வெளிச்சம் வரும்."

"திறந்தா என்ன ஆயிரும்?" என்றார் தலைவர்.

"விறகுப் புகைன்னா கண்ணு எரியும், இருமல் வரும், எந்திரிச்சு ஓடிருவாங்க. இது வாசனையே இல்லாத புகை சார். முழிச்சிருக்கிறவனுக்கே தலைவலியாத்தான் தெரியும். தூங்குறவங்களுக்கு அதுவும் தெரியாது. அப்படியே தூங்கிருவாங்க."

சொல்லிவிட்டு ரசமட்டத்தை எடுத்தார். குமிழி நடுவில் நின்றது.

4

நர்ஸ் வீடு பூட்டியிருந்தது. அக்கா வீட்டுக்குப் போயிருக்கிறாள், வர பத்து நாளாகும் என்றார் காவலாளி.

"அப்ப அந்தம்மா வரட்டும். கேட்டுட்டுப் போட்டுக்கலாம்," என்றார் குழாய்க்காரர்.

"பத்து நாளா? பக்கத்துக் கட்டடத்துக்காரங்களுக்கெல்லாம் சொல்லிட்டேன்யா!"

இங்கேதான் கதைக்குள் அந்தப் பாவி நுழைகிறான். மூன்றாம் மாடிக்காரர், சங்கச் செயலாளர், மூணாம் மாடி மீசை என்று பெயர். கஞ்சன். லிஃப்டில் சத்தமாக ஏப்பம் விடுகிறவர். எச்சில் கையால் காக்கா ஓட்டாதவர்.

[மீசையைப் பற்றி எழுதும்போது மட்டும் எனக்குக் கை நிற்கவே இல்லை. கவனித்தீர்களா?]

மீசை தொண்டையைக் கனைத்துக்கொண்டு சொன்னார்: "அந்தப் பின்பக்க ஜன்னலா? அது திறக்காதுங்க. பெயின்ட் அடிச்சப்பவே ஒட்டிக்கிச்சு. எத்தனை வருஷமாப் பாக்குறேன்!"

குழாய்க்காரர் அவரையே பார்த்தார். "நீங்க சொன்னா சரி. ஆனா எனக்கு எழுத்துல வேணும். சான்றிதழ்ல என் கையெழுத்து வரும் சார். தப்பா ஒண்ணு ஆச்சுன்னா லைசென்ஸ் போறது பெருசில்ல. நான் எப்படிச் சோறு தின்பேன்?"

மீசை பேனாவைத் திறந்தார். சங்கத்தின் தாளில், தேதி போட்டு, ஒரே மூச்சில் எழுதினார்: "பின்சுவரில் திறக்கும் ஜன்னல் எதுவும் இல்லை." கீழே கையெழுத்து.

குழாய்க்காரர் அதை இரண்டு தடவை படித்தார். "எவ்ளோ தெளிவா எழுதியிருக்கீங்க!" என்று மடித்து ரசமட்டத்தோடு பையில் வைத்துக்கொண்டார்.

5

அப்புறம் வேலை மளமளவென்று நடந்தது. துளை போடும் மெஷின் ஒரு காலைப்பொழுது முழுக்கக் கட்டடத்தையே பல் கூச வைத்தது. சுவரிலிருந்து உருளை உருளையாகக் கல் வந்து விழுந்தது. குழாயைச் செருகி, வெளிப்பக்கம் துளி சரிவு இருக்கிறதா என்று ரசமட்டம் பார்த்து, சுற்றிலும் தீ தாங்கும் பஞ்சை அடைத்துப் பூசினார்கள். உள்ளே பீங்கானில் செய்த விறகுக் கட்டைகளை அடுக்கினார்கள். நிஜக் கட்டை போலவே கரி பிடித்த மாதிரி வர்ணம் அடித்திருந்தது. கேஸ் இணைப்பு மட்டும் கடைசியில் வர வேண்டியிருந்தது.

வெளியே ஏணியில் நின்று வலை மூடியை முடுக்கிக்கொண்டிருந்த சகலை குரல் கொடுத்தார்.

"சகலை, இந்த ஜன்னல் கீல் பளபளன்னு இருக்கு. எண்ணெய் விட்டிருக்காங்க."

"அதுக்கென்ன?"

"திறக்காத ஜன்னலுக்கு எவன் எண்ணெய் விடுவான்?"

"எழுத்துல குடுத்திருக்காங்கப்பா. படிச்சவங்க பொய் எழுதுவாங்களா? நீ மூடியை முடுக்கு."

[ஒரு உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தப் பேச்சு நடக்கவில்லை. யாரும் கீலைப் பார்க்கவுமில்லை, கேட்கவுமில்லை. ஒருத்தராவது கேட்டிருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும் என்று தோன்றியதால் நானாகச் சேர்த்தேன். குழாய்க்காரர் ஒரு கேள்வி கூட மறுபடி கேட்கவில்லை. எழுதிக் கொடுத்ததை நம்பினார்.]

6

இனி முடிவு. இன்று மாலை ஐந்து மணிக்குத் தலைவர் கணப்பைப் பற்ற வைக்கிறார். நர்ஸ் நேற்றே ஊரிலிருந்து வந்துவிட்டாள். ராத்திரி டியூட்டி பார்த்துவிட்டு, காலை ஏழரைக்கு வீட்டுக்கு வந்து, இப்போது தூங்கிக்கொண்டிருக்கிறாள். கதையில்தான் சொல்கிறேன்.

முடிவு அ. கணப்பு எரிகிறது. எல்லோரும் கை தட்டுகிறார்கள். பக்கத்துக் கட்டடத்துக்காரர்களுக்கு வயிறு எரிகிறது. நர்ஸ் லேசான தலைவலியோடு எழுந்து டியூட்டிக்குப் போகிறாள். ஒன்றுமே நடக்கவில்லை. மறுநாளும் எரிகிறது. அதற்கடுத்த நாள் குளிர் அதிகம் என்று கூடுதல் நேரம் எரிகிறது.

[அநேகமாக நடக்கப்போவது இதுதான். இதை எழுதும்போதுதான் எனக்கு முதுகு ஜில்லிட்டது.]

முடிவு ஆ. பற்ற வைப்பதற்கு முன்னால் குழாய்க்காரர் கடைசியாக ஒருமுறை பின்பக்கம் போய் அண்ணாந்து பார்க்கிறார். உண்மை விளங்குகிறது. தாளை எடுத்து மீசையின் முகத்துக்கு நேரே நீட்டுகிறார். மீசை தலைகுனிகிறார். வாசகர்களுக்குத் திருப்தி. எழுத்தாளருக்கு ரொம்பத் திருப்தி, ஏனென்றால் அவர் எதுவுமே செய்ய வேண்டியதில்லை.

முடிவு இ. அவள் டியூட்டிக்கு வரவில்லையே என்று ஆஸ்பத்திரியிலிருந்து ஃபோன் மேல் ஃபோன் அடிக்கிறது. எடுக்க ஆளில்லை. காவலாளி போய்க் கதவைத் தட்டி

7

இந்த இடத்தில் என் மனைவி டீ கொண்டுவந்தாள். வைத்துவிட்டுப் போகாமல் நின்று, காய்ந்ததும் காயாததுமாகக் கிடந்த தாள்களை வரிசையாக எடுத்துப் படித்தாள். அவள் என் எழுத்தைப் படித்துப் பல வருஷமாகிறது. முகத்தைப் பார்த்தால் பிடித்திருக்கிறதா இல்லையா என்று தெரியவில்லை.

"ஏங்க, யாரு இந்த மீசை?"

"கற்பனைதான்."

"மூணாம் மாடி ரெண்டு வருஷமாப் பூட்டிக் கெடக்கு."

"அதான் சொன்னேனே, கற்பனை."

"சரி, கற்பனைன்னே வெச்சுக்குவோம். முதல் மாடியில எந்த ஜன்னலை மூடினா மூணாம் மாடிக்காரருக்கு என்ன? அவரு எதுக்குப் பொய் சொல்லணும்?"

இருபது வருஷமாக எத்தனையோ பேர் என் கதைகளை விமரிசித்திருக்கிறார்கள். ஓட்டையில் இப்படி நேராக விரலை விட்டவர் யாருமில்லை.

"கஞ்சன்னு எழுதியிருக்கேனே," என்றேன்.

"கஞ்சனுக்கும் ஜன்னலுக்கும் என்னங்க சம்பந்தம்? தெருப்பக்கம் போட்டிருந்தா மூட வேண்டியது இந்த ஜன்னலை." எனக்கு முன்னால் இருந்த ஜன்னலைக் காட்டினாள். பாதி திறந்திருந்தது. காற்றில் தாள்கள் படபடத்தன. "சங்கத்துக்குச் செயலாளர் நீங்க."

எங்கப்பன் குதிருக்குள் இல்லை என்ற கதைதான். எல்லாத் தாளிலும் நானே சொல்லி வைத்திருக்கிறேன்.

"அந்தப் பொண்ணுக்கு என்ன ஆச்சு?" என்றாள்.

"இன்னும் முடிவு பண்ணல. மூணு விதமா யோசிச்சு..."

"கதையில கேக்கலங்க. எதிர் வீட்ல கேக்குறேன்."

8

சரி, திரைச்சீலையைத் திரும்பக் கொண்டுவருகிறேன்.

காலை எட்டே காலுக்கு வாளியைக் கவிழ்த்துவிட்டு நிமிர்ந்தபோது புகைக்குழாயின் வாய்க்கு நேர் மேலே, ஒரு முழத் தூரம் கூட இருக்காது, ஜன்னல் நாலு விரல் திறந்திருந்தது. நீலப் பூப் போட்ட திரைச்சீலையின் ஓரம் வெளியே வந்து, குழாயின் மூடியைத் தொட்டுத் தொட்டு விலகிக்கொண்டிருந்தது. நான் பார்த்தது அதுதான். ஓடி வந்ததும் அதனால்தான். சொல்லத்தான் ஓடி வந்தேன் என்று மாடிப்படி முடிகிற வரை நானே நம்பியிருந்தேன்.

அந்த ஜன்னல் திறக்கும் என்பது எனக்கு எப்போதும் தெரியும். ஒருமுறை அவளும் நானும் லிஃப்டில் ஒன்றாக வந்தபோது, நான் கேட்காமலே சொன்னாள்: "பத்து மணி நேரம் மருந்து வாடை சார். ஜன்னலைக் கொஞ்சம் திறந்து வெச்சாத்தான் எனக்குத் தூக்கமே வரும். குளிர்னா ரெண்டு போர்வையாப் போத்திக்குவேன்." நல்ல விவரம், ஏதாவது ஒரு கதைக்கு ஆகும் என்று மனசில் குறித்து வைத்துக்கொண்டேன்.

அப்படியிருந்தும் குழாய்க்காரர் கேட்டபோது திறக்காது என்று சொன்னேன். ஏன்? அவளுக்கு நான் விரோதியா? இல்லை. தெருப்பக்கம் என்றால் என் ஜன்னலை மூட வேண்டும். இந்த ஜன்னலில்தான் இருபது வருஷமாக உட்கார்ந்திருக்கிறேன். காற்று வராவிட்டால் எனக்கு எழுத வராது. அவளுக்குக் காற்று வராவிட்டால் தூக்கம் வராது, அது வேறு விஷயம் என்று அன்றைக்குத் தோன்றியது. பிறகு சொல்லிக்கொள்ளலாம், அவளும் ஜன்னலை மூடிக்கொள்வாள், பெரிய விஷயமா என்றும் தோன்றியது. அவமானமாக இருக்கிறது. மீசை வைத்து எழுதியபோது இவ்வளவு அவமானமாக இல்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். "எவ்ளோ தெளிவா எழுதியிருக்கீங்க" என்று குழாய்க்காரர் சொன்னாரே, அது நிஜமாகவே சொன்னார். "சார் எழுதுறவரு, நாள் பூரா ஜன்னல்லயே உக்காந்திருக்கவரு. அவருக்குத் தெரியாத ஜன்னலா?" என்று சகலையிடமும் சொன்னார். எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. நான் எழுதியதை நம்பி இதுவரை யாரும் ஒரு துரும்பைக் கூட நகர்த்தியதில்லை. இந்த ஒரு வாக்கியத்தை நம்பி ஒரு மனிதர் சுவரில் ஓட்டை போட்டிருக்கிறார். அடித்தல் திருத்தல் இல்லாமல் எனக்கு வந்த வாக்கியமும் அது ஒன்றுதான்.

9

மணி நாலு அடித்து ஐந்து நிமிஷம். எதிர் வீட்டுக் கதவில் அழைப்பு மணிக்குக் கீழே அவள் ஒரு சீட்டு ஒட்டியிருக்கிறாள்: "பகலில் தூங்குகிறேன். தயவுசெய்து மணி அடிக்க வேண்டாம்." காலையிலிருந்து அந்தச் சீட்டைத்தான் சாக்காக வைத்திருக்கிறேன். களைத்துப்போய்த் தூங்குகிறவளை எழுப்பலாமா? எவ்வளவு இங்கிதம் பாருங்கள் எனக்கு.

"அவளை எழுப்ப வேணாம்," என்றாள் என் மனைவி. "கீழ போய், பத்த வைக்காதீங்க, நான் பொய் எழுதிக் குடுத்துட்டேன்னு சொல்லுங்க. அவ்வளவுதான்."

"குழாய்க்காரர் மூஞ்சியில எப்படி முழிக்கிறது? சுவரை மறுபடி உடைக்கணும். தலைவர் பக்கத்துக் கட்டடத்துக்காரங்க முன்னாடியே வாய்க்கு வந்தபடி பேசுவாரு."

"பேசட்டும்."

"இந்த ஜன்னலை மூடிருவாங்க."

"மூடட்டும். வெளிச்சம் வரும்னு அவரே சொன்னாரே."

"எப்படிச் சொல்றதுன்னு ஒரு தடவை எழுதிப் பாத்துக்கிறேன்."

அவள் என்னைப் பார்த்த பார்வையை வர்ணிக்க மாட்டேன். "ஒரு வரி எழுத உங்களுக்கு ஒரு நாள் ஆகும்," என்றாள். "எனக்கு எழுத வராது. நான் போய்ச் சொல்லிட்டு வரேன்."

"வேணாம். நான் எழுதினது. நான்தான் சொல்லணும்."

"அப்ப எந்திரிங்க."

ஆனாலும் எழுதித்தான் பார்த்தேன். "ஒரு சிறு தவறு நேர்ந்துவிட்டது." [நேர்ந்ததாம்! மழை மாதிரி.] "நண்பர்களே, ஒரு விளக்கம்." [அடச்சீ.] "அந்த ஜன்னல் சில சமயம்"

கீழேயிருந்து தலைவரின் குரல்: "செயலாளர் சார்! எல்லாரும் வந்தாச்சு! அஞ்சு வரைக்கும் எதுக்குக் காத்திருக்கணும்? வாங்க, பத்த வெச்சுரலாம்!" நாற்காலி இழுபடுகிறது. சோபாவின் பிளாஸ்டிக் உறையைப் பிரிக்கிற சத்தம் கூடக் கேட்கிறது. குழாய்க்காரர் யாருக்கோ விளக்கிக்கொண்டிருக்கிறார், ஒண்ணுக்குள்ள ஒண்ணு, லாபியில ஒரு துளி தங்காது என்று. அவர் குரலில் பெருமை இருக்கிறது. சட்டைப் பையில் என் தாள் இருக்கும்.

முடிவு அ, ஆ, இ எதையும் நான் தேர்ந்தெடுக்கவில்லை. உங்களிடம் விடுகிறேன். ஆனால் வெறுங்கையோடு விடமாட்டேன். பொய்யே எழுதிப் பழகிய ஒருத்தனை எப்படிச் சோதிப்பது என்று சொல்லிவிட்டுப் போகிறேன். "எழுந்தேன், ஓடினேன், தடுத்தேன்" என்று நான் இங்கே எழுதினால் நம்பாதீர்கள். எழுதுகிறவன் இன்னும் நாற்காலியில்தான் இருக்கிறான். நான் எழுந்து போனேன் என்பதற்கு ஒரே அத்தாட்சி, இதற்கு அடுத்த வாக்கியம் இல்லாமலிருப்பதுதான்.